ஷேர் ஆட்டோ ஹேண்டில்பார்

கிருத்திக் கட்டிய மினி பைக் முதன்முதலாக நகர்ந்தபோது மேட்டின் மேல் ஏறவில்லை. அவன் மனைவியின் மேல்தான் ஏறப் பார்த்தது.

யாழிசை பின்வாசல் கேட்டருகே சும்மா நின்றுகொண்டிருந்தாள். கொல்லையைக் கடந்து நேராகப் போக வேண்டிய வண்டி சட்டென்று இடப்பக்கம் ஒடித்துத் திரும்பி அவள் காலடியில் போய் நின்றது. நின்றதோடு விடவில்லை. 'இதோ கிளம்பிட்டேன், இதோ கிளம்பிட்டேன்' என்பதுபோல முன்னால் கொஞ்சம் பின்னால் கொஞ்சம் ஆடிக்கொண்டே இருந்தது.

"ஏனுங்க, என்னைய ஏத்திக் கொல்றதுக்கா இத்தனை நாளா இதைத் தட்டிக்கிட்டுக் கெடந்தீங்க?"

"கேமராக் கண்ணுல தூசி இருக்கும் யாழி. தொடச்சா சரியாயிரும்."

துடைத்தான். மறுநாளும் வண்டி அவளிடம்தான் போனது.

கிருத்திக்குக்கு நாற்பத்தாறு வயது. சங்ககிரியில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை. அந்தத் தலைமுறையில் தலை நரைத்தவர்களுக்கெல்லாம் கிருத்திக், ஹர்ஷத், தர்ஷன் என்றுதான் பெயர் இருக்கும். ராமசாமி, காளியண்ணன் என்பதெல்லாம் இப்போது தொட்டிலில் கிடக்கும் பிள்ளைகளுக்கு வைக்கிற நாகரிகப் பெயர்கள். கிருத்திக் நல்லவன். தன் கையால் சரிசெய்ய முடியாத பொருள் உலகத்தில் இல்லை என்று நம்புகிறவன். இந்த இரண்டும் சேர்ந்த ஆளோடு குடும்பம் நடத்துவது எவ்வளவு கஷ்டம் என்று யாழிசையைத்தான் கேட்க வேண்டும். யாரும் கேட்டதில்லை.

வண்டி கட்டும் யோசனைக்குக் காரணம் ஒரு ஏ.சி. அறை. மாமனார் வீட்டில் மருமகன்கள் இரண்டு பேர், ஏ.சி. அறை ஒன்றே ஒன்று. கோயில் நோம்பி வருவதோ அக்கினி வெயிலில். வருடா வருடம் அந்த அறைக்காகக் கிருத்திக்குக்கும் அவன் சகலை ஹர்ஷத்துக்கும் நடக்கும் போட்டியில் பாதிப் பேர் சாமி கும்பிடவே மறந்துபோனார்கள். போன வருடம் ஹர்ஷத் முதல்நாளே வந்து உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான். கிருத்திக் கதவைத் தட்ட, மாமனார் விக்னேஷுக்குப் பொறுமை போய்விட்டது.

"ரெண்டு பேரும் காதக் குடுங்க. நோம்பிக்குக் கல்குவாரியில மினி பைக் பந்தயம் உடறாங்கல்ல? அடுத்த வருசம் அதுல எந்த வண்டி மொதல்ல வருதோ, அதை ஓட்டிட்டு வர்றவங்களுக்கு அந்த ரூமு. இனி ஆயுசுக்கும் இதப் பத்தி பேச்சே இருக்கப்படாது."

ஹர்ஷத் மறுவாரமே புத்தம்புது வண்டியொன்றை வாங்கி உறைகூடப் பிரிக்காமல் நிறுத்திவைத்தான். கிருத்திக்குக்குப் புது வண்டி பிடிக்காது. வாங்க முடியாது என்பதைத்தான் அவன் அப்படிச் சொல்வான். மாதக்கணக்கில் யோசித்துவிட்டு, நோம்பி நெருங்கியபோதுதான் சஃபியா அக்காவின் காயலாங்கடைக்குப் போனான்.

சஃபியா அக்கா குரலை உயர்த்தாமல் பேசி யாரும் கேட்டதில்லை. காரணம், அவருடைய கடையில் கிடக்கும் உதிரி உறுப்புகள் எந்நேரமும் ஏதாவது முனகிக்கொண்டே இருக்கும்.

"சட்டம் தெரியுமில்ல தம்பி? ஒவ்வொரு உறுப்புக்குள்ளயும் ஒரு கம்ப்யூட்டர் சில்லு. அது செஞ்ச வேலையப் பாத்துப் பாத்து அதுவே பழகிக்கும். வண்டி என்ன பண்ணணும்னு எல்லாம் சேந்து வாக்குப் போடும். ஓட்றவங்களுக்கும் ஒரு வாக்கு உண்டு."

"ஒண்ணுதானா?"

"பின்ன? குடிச்சுப்போட்டு ஓட்டினவனுக வாங்கிக் குடுத்த சட்டம் அது. இந்தா, இந்த மோட்டாரு கல்யாண ஊர்வல ரதத்துல இருந்துச்சு. இழுவைக்கு யானை மாதிரி. பிரேக்கு டிரைவிங் ஸ்கூல் காருது, இன்னைக்கு வரைக்கும் யாரையும் இடிச்சதில்ல. சக்கரம் ரெண்டும் காட்டுல மருந்தடிக்கிற வண்டியோடது, ரெண்டுக்கும் ஒரே சில்லு, சேத்துக்கு அஞ்சாது. ஹேண்டில்பாரு பெருந்துறை ரோட்டுல ஓடின ஷேர் ஆட்டோது. இது மாதிரி திருப்பம் எதுக்கும் வராது."

"இதுங்க பழைய பழக்கத்தையெல்லாம் அழிச்சுக் குடுங்களேன்."

"அழிச்சா பொறந்த கொழந்தையாட்டம் ஆயிரும். மேடு எது பள்ளம் எதுன்னு ஆறு மாசம் சொல்லிக் குடுக்கணும். நோம்பி எப்ப?"

"வர்ற மாசம்."

"அப்பப் பழக்கத்தோடவே கொண்டு போ. பொண்டாட்டிய அப்படித்தான கூட்டிட்டு வந்த?"

வண்டியின் சட்டகம் பழைய ஜன்னல் கம்பியையும் பள்ளிக்கூட பெஞ்சின் இரும்புக் குழாயையும் அறுத்து வெல்டு வைத்தது. அதற்கு மட்டும் சில்லு இல்லை. கிருத்திக்கின் பேச்சைக் கேட்ட ஒரே பாகமும் அதுதான். மற்றவை நான்கும் ஆளுக்கொரு திசையில் இழுத்தன. மோட்டார் முச்சந்தி வந்தால் நின்றுவிடும். பட்டாசு வெடித்து முடியட்டும் என்று காத்திருக்கும். பிரேக் எதிரே கோழி வந்தாலும் பிடிக்கும், கோழி போனபிறகும் பிடித்துக்கொண்டே இருக்கும். சக்கரங்கள் கொல்லையின் எல்லை வந்ததும், பாத்தி முடிந்தது என்று எண்ணி, வந்த வழியே திரும்பிவிடும். ஹேண்டில்பாரின் நடுவில் இருந்த சின்னத் திரையில் வாக்கு விவரம் தெரியும். தங்களுக்குள் ஒத்துப்போகாதவை அவனை எதிர்ப்பதில் மட்டும் ஒன்றுசேரும்; பெரும்பாலும் நான்குக்கு ஒன்று. அந்த ஒன்று கிருத்திக்.

ஆனால் அவன் லேசில் விடுகிறவனா? ஒவ்வொன்றாக வசப்படுத்தினான். முகூர்த்தம் தப்பப் போகிறது என்றால்தான் ஊர்வல ரதம் வேகமெடுக்கும் என்று கண்டுபிடித்து, "நேரமாச்சு, நேரமாச்சு, பொண்ணு வீட்டுக்காரங்க கோவிச்சுக்குவாங்க" என்று கத்தினான், மோட்டார் பறந்தது. "பயப்படாத தம்பி, நான் பக்கத்துலதான இருக்கேன், உடு" என்று டிரைவிங் ஸ்கூல் வாத்தியாரின் குரலில் சொன்னால் பிரேக் விட்டது. சக்கரத்துக்கு முன்னால் பருத்திச் செடி ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டான். பாத்தி முடிவதே இல்லை என்று நம்பிச் சக்கரங்கள் ஓடின. பக்கத்து வீட்டுக்காரர்கள் கிருத்திக்குக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றார்கள். அப்படிச் சொல்ல அவர்களுக்கு நியாயம் இருந்தது.

ஹேண்டில்பார் மட்டும் வசப்படவில்லை. சாயங்காலம் ஆனால் யாழிசை கேட்டருகே வந்து நிற்பாள். கொல்லைக்குள்தானே என்று மற்றவையும் ஹேண்டில்பாருக்கே வாக்களிக்க, வண்டி அவளிடம் போய் நின்று ஆடும். சேலையின் நிறம் காரணமோ என்று அவளைச் சேலை மாற்றி வரச் சொன்னான். பலனில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணை அதே சேலையில் அதே இடத்தில் நிற்கச் சொன்னான். வண்டி அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடைசியில் கவிநிலாவை நிறுத்தினான். அவள் யாழிசையின் அக்கா, ஹர்ஷத்தின் மனைவி. முகமும் உயரமும் தங்கையைப் போலவே. வண்டி அவளையும் தாண்டிப் போனது. கூட வந்த ஹர்ஷத் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"என்ன சகலை, வண்டி கட்டச் சொன்னா வீட்டு நாயி கட்டி வெச்சிருக்கீங்க."

கிருத்திக் ஹேண்டில்பாரைக் கழற்றிக்கொண்டு சஃபியா அக்காவிடம் போனான். அவர் அதை ஒரு கம்பத்தில் மாட்டி, வாசலில் நின்றவர்கள் பக்கம் திருப்பினார். டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவனை அது கண்டுகொள்ளவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு சும்மா நின்ற கிழவரை நோக்கிப் படக்கென்று திரும்பியது.

"பெரியவரே, எங்க பொறப்பட்டீங்க?" என்று கத்தினார் அக்கா.

"ஈரோடு வரைக்கும்ங்க. எப்படித் தெரியும்?"

அக்கா கிருத்திக்கிடம் திரும்பினார். "பாத்தியா? ரோட்டோரம் நிக்கிறவன் சும்மா நிக்கிறானா, யாருக்காச்சும் காத்துட்டு நிக்கிறானா, எங்கியாச்சும் போகணும்னு நிக்கிறானா, அதைக் கண்டுபிடிக்கிறதுதான் ஷேர் ஆட்டோக்காரன் பொழப்பே. இது எத்தனையோ வருசம் அதை மட்டுந்தான் பாத்துருக்கு. தப்பாது."

"அக்கா, அது எம் பொண்டாட்டி முன்னால போய் நிக்குதுங்க."

"அப்ப அவ எங்கியோ போகணும்னு நிக்கிறா."

கிருத்திக் சிரித்தான். "அவ எங்க போவா? காய்கறி வீட்டுக்கு வருது. டாக்டரு திரையில வர்றாரு. எக்ஸ்ரே பாக்கற அவ வேலையும் வீட்டுலயேதான். போறதுக்கு ஒரு எடம் வேண்டாமா?"

"அதை எங்கிட்ட ஏன் கேக்கற?" என்றார் சஃபியா அக்கா. பிறகு உள்ளே போய் இன்னொன்றைக் கொண்டுவந்து வைத்தார். "இது கூரியர் வண்டிது. மனுசங்களே இது கண்ணுக்குத் தெரியாது, வீட்டு நம்பர் மட்டுந்தான் தெரியும். மாட்டினீன்னா பந்தயம் உனக்குத்தான்."

வாங்கிக்கொண்டு வந்துவிட்டான். ஆனால் அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. யாழிசை தன்னை விட்டுப் போகப் பார்க்கிறாள் என்று தோன்றிவிட்டது. பயத்தில் டம்ளர்களைக் கழுவினான். கேட்காமலே துணி மடித்தான். ஒருநாள் அவளுக்குப் பூ வாங்கிவந்து கையில் கொடுக்கத் தெரியாமல் குளிர்ப்பெட்டியில் வெண்டைக்காய்க்குப் பக்கத்தில் வைத்தான்.

"ஏனுங்க, உடம்புக்கு ஏதாச்சும் நோவா?" என்று அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்லையே. உனக்கு ஏதாச்சும் வெசனமா?"

"எனக்கென்ன வெசனம்? எல்லாந்தான் வீடு தேடி வருதே" என்று சொல்லிவிட்டு அவள் எக்ஸ்ரே படங்களுக்குத் திரும்பிப் போனாள்.

எங்கே போகணும் என்று ஒரே வார்த்தை கேட்டிருக்கலாம். ஆயிரம் மோட்டார்களைப் பிரித்துப் பார்த்தவனுக்கு அதைக் கேட்கத் துணிச்சல் வரவில்லை. பதில் வந்துவிட்டால் என்ன செய்வது?

பந்தயத்தன்று காலையில் கூரியர் ஹேண்டில்பாரைக் கையில் எடுத்தான். இதை மாட்டினால் வண்டி இனி அவளைப் பார்க்காது. அது நல்லதுதானே? ஸ்பேனரை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். பிறகு போல்ட் அளவு சேரவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அதை ஓரமாக வைத்துவிட்டு, ஷேர் ஆட்டோ ஹேண்டில்பாரையே மாட்டினான். காயில் கட்டுகிறவன் கையில் சேராத போல்ட் என்று ஒன்று உண்டா என்ன?

"யாழி, நீ குவாரிக்கு வராத. உன்னையப் பாத்தா வண்டி பாதைய உட்டு வந்துரும்."

"சரிங்க. நான் வல்லை" என்றாள். அவள் அவ்வளவு சுலபமாகச் சம்மதித்தது அவனுக்குக் கொஞ்சம் வலித்தது.

கல்லெடுத்து முடிந்த அந்தக் குவாரி ஊருக்கு வெளியே பெரிய கிண்ணம் போலக் கிடக்கும். அடியில் சேறு, பக்கங்களில் மேடு. மேட்டின் விளிம்பில் நெடுஞ்சாலை. மாமனார் விக்னேஷ் குடையோடு முடிவுக் கோட்டருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கவிநிலா. விசில் ஊதினார்கள்.

ஹர்ஷத்தின் வண்டி புலிபோலப் பாய்ந்து முதல் சேற்றைக் கண்டதும் நின்றது. கம்பெனியின் பளிங்குத் தரையில் பழகிய வண்டி அது. "முன்னால் சாலை இல்லை. தயவுசெய்து சாலைக்குத் திரும்பவும்" என்று இனிமையான குரலில் சொல்லிக்கொண்டே இருந்தது. ஹர்ஷத் அதற்குத் தெரிந்த எல்லா மொழியிலும் கெஞ்சினான், தெரியாத மொழியில் திட்டினான்.

கிருத்திக் அவனைத் தாண்டிப் போனான். "நேரமாச்சு, நேரமாச்சு! பயப்படாத தம்பி, உடு! பொண்ணு வீட்டுக்காரங்க கெளம்பிட்டாங்க!" தொண்டை கிழிந்தது. பருத்திச் செடி முன்னால் ஆடியது. ஒவ்வொரு வண்டியாகச் சேற்றில் கவிழ்ந்து பின்தங்க, கடைசிச் சுற்றில் அவனுக்கு முன்னால் யாருமே இல்லை. ஏ.சி. அறையின் குளிர்காற்று முகத்தில் படுவதுபோல இருந்தது.

அப்போது ஹேண்டில்பார் திரும்பியது.

மேட்டின் விளிம்பில், நெடுஞ்சாலைப் பஸ் நிறுத்தத்தில், பட்டுச்சேலையும் கைப்பையுமாக யாழிசை நின்றுகொண்டிருந்தாள். வண்டி முனகி நின்றது. திரையில் வாக்கு விழுந்தது. ஹேண்டில்பார் அவளிடம் போகலாம் என்றது. பட்டுச்சேலையைப் பார்த்த மோட்டார், மணப்பெண் காத்திருக்கிறாள் என்று முடிவு கட்டி அதற்கே வாக்களித்தது. பாதையை விட்டு விலகினால் லைசென்ஸ் கிடைக்காது என்று பிரேக் மறுத்தது. பாத்தி இந்தப் பக்கம்தான் என்று சக்கரங்களும் மறுத்தன. இரண்டுக்கு இரண்டு. ஐந்தாவது வாக்குக்காகத் திரை சிமிட்டிக்கொண்டு காத்திருந்தது.

வண்டி கட்டிய நாளிலிருந்து அவன் வாக்குக்கு ஒரு மதிப்பும் இருந்ததில்லை. மதிப்பு வந்ததும் இப்படியா வர வேண்டும்? கீழே முடிவுக் கோடு கூப்பிடு தூரத்தில் இருந்தது. மேலே சாலையின் வளைவில் பஸ்ஸின் நெற்றி தெரிந்தது. கிருத்திக்குக்கு அழுகை வந்தது. வாக்குப் பொத்தானை அழுத்தினான்.

வண்டி மேட்டில் ஏறியது. யாருமே அப்படி ஏறிப் பார்த்திராத செங்குத்தில், கல் சிதற, கீழே கூட்டம் கத்த, ஏறிப் போய் அவள் காலடியில் நின்று முன்னும் பின்னும் ஆடியது.

"ஐயோ, பந்தயம் என்னாச்சுங்க?"

"நீ எங்க போற?" என்றான் கிருத்திக். மூச்சு வாங்கியது. "எதுவா இருந்தாலும் சொல்லிப்போட்டுப் போ. எம் மேல கோவமா?"

யாழிசை அவனை உற்றுப் பார்த்தாள். அவன் கண்ணீரைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

"எங்கியும் இல்லைங்க. பஸ்ஸு எது வரைக்கும் போகுதோ அது வரைக்கும் போயிட்டு, அதே பஸ்ல திரும்பி வரலாம்னு. சாயங்காலம் வந்து சாதம் வெச்சிருவேன்."

"அதுக்கா தெனமும் கேட்டுல வந்து நின்ன? சொல்லியிருந்தா ஒரு வாடகை வண்டி வரவெச்சிருப்பனே."

"வரவெச்சுப் பாத்தேனுங்க. ஏறினதும் 'பயணத்தின் நோக்கம்'னு கேக்குது. ஆஸ்பத்திரி, கல்யாணம், சாவு, வேலைன்னு காட்டுது. சும்மாங்கறது அதுல இல்ல. எதையும் அமுக்காட்டி எறக்கி உட்டுருது. இந்தப் பழைய பஸ்ஸு ஒண்ணுதான் ஒண்ணும் கேக்கறதில்ல."

"எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாமில்ல?"

"நீங்களும் அதையேதானுங்க கேட்டிருப்பீங்க. எதுக்குப் போறேன்னு."

கிருத்திக்குக்கு உறைத்தது. கேட்டிருப்பான். கேட்டுவிட்டு, வேண்டியது என்னவென்று சொல், வீட்டுக்கே வரவைக்கிறேன் என்றும் சொல்லியிருப்பான். பஸ் வந்து நின்றது. இவர்கள் ஏறாததைப் பார்த்துவிட்டுப் போய்விட்டது.

"பஸ் போச்சு" என்றான் குற்ற உணர்வோடு.

"போகட்டும்." அவள் வண்டியைச் சுற்றிவந்து பார்த்தாள். முழங்கால் உயரம்கூட இல்லாத குட்டி வண்டி. "காலேஜுக்கு ஸ்கூட்டர் ஓட்டிட்டுப் போனவதானுங்க நானு. இதை ஒருக்கா ஓட்டிப் பாக்கட்டுங்களா?"

அவன் இறங்கிக்கொண்டான். அவள் கைப்பையை அவனிடம் கொடுத்துவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். அவன் மோட்டாருக்குச் சொல்ல வேண்டிய மந்திரத்தைச் சொல்லிக்கொடுக்க வாயைத் திறந்தான். அதற்கு வேலையே இருக்கவில்லை. மணப்பெண் ஏறிவிட்டாள் என்று மோட்டார் குதூகலித்தது. திரையில் ஐந்துக்கு ஐந்து. அவள் சாலைப் பக்கம் ஒருமுறை பார்த்தாள், குவாரிப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிறகு, கடவுளே, பள்ளத்தில் இறக்கிவிட்டாள்.

சங்ககிரிக்காரர்கள் இன்றும் அந்தக் கூச்சலைப் பற்றிப் பேசுகிறார்கள். பயத்தில் வந்தது என்று சிலர் சொல்கிறார்கள். அது சந்தோஷத்தில் வந்தது. சேறு தெறிக்க, பூ பறக்க, கத்திக்கொண்டே இறங்கிய யாழிசை, சேற்றில் உருண்டு கிடந்தவர்களையும், தன் வண்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு தள்ளாடி வந்த ஹர்ஷத்தையும் தாண்டி, முடிவுக் கோட்டைக் கடந்து, அப்பாவின் நாற்காலிக்கு முன்னால் போய் நின்றாள். பிரேக் மிகச் சரியாகப் பிடித்தது.

"இது செல்லாது! ஆளு மாறிப் போச்சு!" என்று கத்தினான் ஹர்ஷத்.

விக்னேஷ் குடையை மடக்கினார். "நான் என்ன சொன்னேன்? எந்த வண்டி மொதல்ல வருதோ, அதை ஓட்டிட்டு வர்றவங்களுக்குன்னுதான சொன்னேன்? ஆயுசுக்கும் பேச்சு இல்லைன்னும் சொன்னேன்."

அன்று மத்தியானம் யாழிசையும் கவிநிலாவும் ஏ.சி. அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்கள். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வந்துகொண்டே இருந்தது. சகலைகள் இரண்டு பேரும் வேப்பமரத்தடியில் ஒரே பாயில் படுத்து, ஒரே விசிறியை மாற்றி மாற்றி வீசிக்கொண்டார்கள்.

"எல்லாம் உங்க ஹேண்டில்பாரால வந்தது" என்றான் ஹர்ஷத்.

"விசிறுங்க சகலை, உங்க மொறை" என்றான் கிருத்திக்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமையானால் யாழிசை வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். குவாரி, ஏரிக்கரை, கரட்டுக் குன்று. எங்கே என்று அவன் கேட்பதில்லை. ரொம்பப் பாடுபட்டுத்தான் கேட்காமல் இருந்தான். அவள் திரும்பும் நேரத்துக்குக் கேட்டருகே வந்து நிற்பான். வண்டி நல்லபடியாக வருகிறதா என்று பார்க்கத்தான், வேறொன்றுமில்லை.

ஒரு ஞாயிறு, யாழிசை கிளம்பும்போதே வண்டி கேட்டைத் தாண்டவில்லை. ஒடித்துத் திரும்பி, கேட்டருகே நின்ற அவன் காலடியில் வந்து நின்றது. முன்னும் பின்னும் ஆடியது.

"கெட்டுப்போச்சு. நான்தான் சொன்னேன்ல, கண்ணுல தூசி" என்று துடைக்கத் துணி தேடினான். அப்போதுதான் அவன் தன் காலைப் பார்த்தான். செருப்பு போட்டிருந்தது. எப்போது போட்டான் என்று அவனுக்கே தெரியவில்லை.

எங்கே என்று யாழிசை கேட்கவில்லை, எதற்கு என்றும் கேட்கவில்லை. அந்தச் சின்ன இருக்கையில் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். அவன் ஏறியதும், ஆள் நிறைந்துவிட்டது என்பதுபோல வண்டி ஆடுவதை நிறுத்திவிட்டு உடனே கிளம்பியது.